கோரிக்கையற்ற கூட்டம்: கடற்கரை அரை மாரத்தானை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறுபத்திரிகைக்காரன் மாரத்தான் ஓடலாமா என்று கேட்டார் நண்பர். கேலிதான். ஆனால் கேலிக்குள் ஒரு நிலைப்பாடு உட்கார்ந்திருக்கிறது. ஓட்டம் என்பது நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு, வாரம் பூரா நாற்காலியில் கிடந்த உடம்புக்கான பரிகாரம், ஷூ கம்பெனிகளின் சந்தை. இதற்கு மேல் அதில் வாசிக்க ஒன்றுமில்லை என்பது அவர் தீர்ப்பு. நானும் இரண்டு வருஷம் முன்புவரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த ஒரு டாக்டர் நடக்கச் சொன்னார். நடை மெல்ல ஓட்டமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு நேப்பியர் பாலத்துப் பக்கம், நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு, ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றேன். மெரினா வழியாகப் போய், கலங்கரை விளக்கம், லூப் ரோடு, அடையாறு தாண்டி, பெசன்ட் நகரில் திரும்பி வர வேண்டும். தூரம் 21.0975 கிலோமீட்டர். எனக்கு ஆன நேரம் 2 மணி 47 நிமிடம். நுழைவுக் கட்டணம் இந்தப் பத்திரிகையின் சில வருஷத்துச் சந்தா என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் மன்னிக்க.

உடலைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதிவருகிறோம். உடல் ஒரு பிரதி, உடல் மீது அதிகாரம் எழுதும் எழுத்து, ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் என்றெல்லாம். ஃபூக்கோவை மேற்கோள் காட்டாத கட்டுரை அபூர்வம். ஆனால் நம் கட்டுரைகளில் உடல் வியர்த்து நான் பார்த்ததில்லை. எனவே, ஓடியவன் என்ற முறையில் என் உடம்பையும் சேர்த்தே இங்கே வாசிப்புக்கு உட்படுத்துகிறேன்.

முதலில் விளம்பரத்தின் மொழி. 'எழில்மிகு கடற்கரைப் பாதை' என்கிறது அச்சடித்த அழைப்பு. 'உங்கள் போட்டி உங்களோடு மட்டுமே' என்கிறது பனியன். முதுகுப் பக்கத்தில் 'கடலைக் காப்போம்' என்று ஒரு வாசகம் (பனியன் பாலியஸ்டர், அதைத் துவைக்கிற தண்ணீரில் என்ன போகும் என்பது வேறு கதை). இந்த மூன்று வாசகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்த நிகழ்வின் இலக்கணம் பிடிபட்டுவிடும். கடற்கரை பார்ப்பதற்கானது. எதிரி வெளியே இல்லை, உனக்குள் இருக்கிறான். கடலை யாரிடமிருந்து காப்பது என்பது சொல்லப்படாது.

கோரிக்கை என்றால் அதற்கு ஒரு முகவரி உண்டு. கலெக்டருக்கு, மந்திரிக்கு, முதலாளிக்கு என்று யாருக்காவது எழுதியாக வேண்டும். எழுதப்பட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், குறைந்தபட்சம் மறுக்கவாவது வேண்டும். 'விழிப்புணர்வு' என்பது முகவரி கிழித்தெறியப்பட்ட கோரிக்கை. அது எல்லோரையும் நோக்கியது. ஆகவே ஒருவரையும் நோக்கியதல்ல. சர்க்கரை நோய்க்கு, புற்றுநோய்க்கு, கடலுக்கு என்று எதற்கு ஓடினாலும், கழிவை விடுகிறவன் பெயரோ, அரசு மருத்துவமனையில் இல்லாத மருந்தின் பெயரோ பனியனில் ஏறாது. இது தற்செயல் அல்ல. அப்படி ஏறாமல் இருப்பதுதான் இந்தக் கூட்டத்துக்கு அனுமதி கிடைப்பதற்கான நிபந்தனை.

எலியாஸ் கனெட்டி 1960இல் வெளியிட்ட 'கூட்டமும் அதிகாரமும்' நூலில் கூட்டங்களை வகை பிரிக்கிறார். வேட்டையாடும் கூட்டம், தப்பி ஓடும் கூட்டம், மறுக்கும் கூட்டம், கவிழ்க்கும் கூட்டம், விருந்துக் கூட்டம். மறுக்கும் கூட்டத்துக்கு அவர் காட்டும் உதாரணம் வேலை நிறுத்தம். எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்யாமல் இருப்பது. அரை மாரத்தானை இதில் எங்கே வைப்பது? வெளித்தோற்றத்தில் அது தப்பி ஓடும் கூட்டம், துரத்துகிறவன்தான் இல்லை. உள்ளடக்கத்தில் விருந்துக் கூட்டம். வாழைப்பழமும் பிஸ்கட்டும் உண்டு. ஆனால் கனெட்டி சொல்கிற இன்னொரு விஷயத்தை நான் என் தோளில் உணர்ந்தேன். தெரியாத மனிதன் தொட்டுவிடுவானோ என்ற பயம் கூட்டத்துக்குள் மட்டும்தான் கரைகிறது என்கிறார் அவர். இருட்டில் முன்பின் தெரியாதவர்களின் வியர்வை என் கையில் பட்டது. யாரும் ஒதுங்கவில்லை. யார் என்ன சாதி என்று கேட்க நேரமில்லாத ஒரு நெரிசல். சாதிச் சமூகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. நண்பரின் கேலிக்கு இந்த இடத்தில் பதில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது யோக்கியம் ஆகாது.

சந்தோஷம் எந்த இடத்தில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது உழைப்பாளர் சிலைக்குக் கிட்டே. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் அந்த நான்கு ஆட்கள் 1959இலிருந்து அங்கே ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதே கடற்கரையில்தான் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். அவர் இந்தக் கரையோரத்து அயோத்திக்குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் இளைஞர்கள் இந்த மணலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தார்கள். அந்தக் கோரிக்கையின் உள்ளடக்கம் பற்றி நம் பக்கத்தில் எத்தனையோ கருத்து வேறுபாடு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் முடிவு எப்படி இருந்தது? ஜனவரி 23 அன்று தடியடி. பக்கத்து நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. ஓடி வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததற்குக் கிடைத்த தண்டனை என்று குப்பத்து ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு, 2018இல், காவிரிக்காக மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் அனுமதி கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஒரே ஒரு நாளுக்கு அனுமதித்தார். அமர்வு அதை ரத்து செய்தது. கடற்கரை பொழுதுபோக்குக்கானது, கூட்டம் கூடினால் நெரிசல், பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்பது அரசுத் தரப்பு வாதத்தின் சாரம்.

இப்போது இருபக்கமும் தடுப்பு வைத்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, ஆம்புலன்ஸ் நிறுத்தி, அதே போலீஸ் எங்களுக்குக் காவல் நிற்கிறது. நெரிசல் இல்லையா? உண்டு. இடைஞ்சல் இல்லையா? நிச்சயமாக உண்டு. உட்கார்ந்திருப்பவன் எதையோ கேட்கிறான். ஓடுகிறவன் எதையும் கேட்கவில்லை, போய்விடுவான். நகர்ந்துகொண்டே இருக்கும் உடல் பிரச்சினையற்ற உடல்.

நகராமல் நின்ற ஒருத்தியின் கதையும் இந்தப் பாதையில் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவன் கண்ணகியைத் தாண்டி ஓடும்போது தலையைத் திருப்பாமல் இருக்க முடியாது. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. மற்றச் சிலைகள் பெரும்பாலும் சும்மா நிற்கின்றன. இவள் கையில் சிலம்பு இருக்கிறது, கேள்வி இருக்கிறது, கேள்விக்கு ஒரு முகவரியும் இருக்கிறது. 2001 டிசம்பரில் அவளைப் பெயர்த்தெடுத்தார்கள். லாரி மோதியது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்லப்பட்டது. 2006இல் ஆட்சி மாறித்தான் திரும்ப வந்தாள். சிலை அரசியலைப் பற்றி இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. போக்குவரத்து என்ற ஒரு வார்த்தை இந்தச் சாலையில் எத்தனை வேலை செய்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கலங்கரை விளக்கம் தாண்டியபோது கிழக்கு வெளுத்துவிட்டது. சுற்றிலும் ஆளுக்கு ஆள் செல்போனை எடுத்து, ஓடிக்கொண்டே கடலைப் படம் பிடித்தார்கள். 'எழில்' வந்துவிட்டது. இந்த எழிலின் சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்ட வேண்டும். இந்த அகலமான மணல்வெளி இயற்கை கொடுத்ததல்ல. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாகப் போகும் மணலைத் துறைமுகத்தின் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் கரையோரமாக உலாவும் பாதை அமைத்து, இத்தாலி நினைப்பில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். வடக்கே? வர வேண்டிய மணல் வராததால் கடல் நிலத்தைத் தின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போய்ப் பாருங்கள், கரை என்பது கொட்டி வைத்த கருங்கல். மெரினாவின் அழகு வடசென்னையிலிருந்து எடுத்த கடன். 'எழில்மிகு' ஓட்டங்கள் அந்தப் பக்கம் போவதை நான் கண்டதில்லை.

இரண்டாவது, எழில் என்பது உழைப்பை அகற்றிய பிறகு மிஞ்சும் கடல். 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லி மெரினாவிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் (மறுபடியும் அந்த வார்த்தை) என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளைப் பிடுங்கியது. குப்பத்தார் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு நடுவில் ரோடு வந்ததா, ரோட்டுக்கு நடுவில் நாங்கள் வந்தோமா என்பது அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம். 2024இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. காட்சிக்குள் மீனை எங்கே வைப்பது என்பதற்கு அரசு கண்டுபிடித்த விடை அது. விடையா என்பதை அங்கே கடை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நொச்சிக்குப்பம் பக்கம் திரும்பி வரும்போது, சுமார் பதினாறாவது கிலோமீட்டர், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓரமாக வந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா, காலியான பிளாஸ்டிக் டப்பாக்களோடு. இந்தப் பக்கம் ஓர் இளம் போலீஸ்காரர்.

"இன்னா சார், எப்பதான் வுடுவீங்கோ? காசிமேட்டு வண்டி அந்தாண்ட நிக்குது. ஐஸு கரைஞ்சிட்டா யாரு வாங்குவா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

"மணி அஞ்சிலேர்ந்து இதே அஞ்சு நிமிசம் சொல்றீங்கோ. ஞாயித்துக்கெழமைலதான் நாலு காசு பாக்கறது. இன்னிக்கினு பாத்து அடைச்சிட்டீங்கோ."

இதுதான் நான் மொத்தப் பாதையிலும் கேட்ட ஒரே கோரிக்கை. முகவரி உண்டு, நேரம் உண்டு, நஷ்டக் கணக்கு உண்டு. ஞாயிறு காலை மீன் வியாபாரத்தின் உச்ச நேரம் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பாதை வகுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களில் பலர் ஓடி முடித்து வஞ்சிரம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். தெரிந்த விஷயம் வரைபடத்தில் ஏறவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, கால் புட்ச்சிக்கிச்சா? ஓட்னா எதுனா தர்றாங்களா?" பணம் கட்டித்தான் ஓடுகிறோம் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஐந்நூறு என்றேன். பொய். மூன்று மடங்கு கட்டியிருந்தேன். அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்பதைக் கட்டுடைக்க ஒரு தத்துவமும் வேண்டியதில்லை.

போலீஸ்காரர் என்னிடம், "காலை நல்லா இழுத்து வுடுங்க சார், சரியாயிடும். நாங்கல்லாம் ஆயிரத்தைநூறு ஓடித்தானே வந்தோம்" என்றார். அந்தத் தம்பிக்குத் தெரிய நியாயமில்லை, நானும் அதே ஆயிரத்தைநூறு ஓடியவன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், எம்.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாத நாளில், வெளி மாவட்டத்து மைதானம் ஒன்றில், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நான் வந்து சேர்ந்தது 7 நிமிடம் 8 வினாடி. அந்த எட்டு வினாடிக்காக அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. என் முன்னால் ஓடிய ஒரு பையன் கோட்டைத் தொட்டதும் மயங்கி விழுந்தான், தேறிவிட்டான். பின்னால் ஓடியவன் கோட்டுக்கு வராமலே மைதானத்துக்கு வெளியே நடந்துபோனான். ஊருக்கு எப்படித் திரும்பினானோ.

மெரினா மணலில் தினமும் விடிகாலை இரண்டு விதமான ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஒரு வகை, மணிக்கட்டில் கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்ல, நடைபாதையில் ஓடுவது. இன்னொரு வகை, வெறுங்காலோடு மணலில் கூட்டமாக, ஒருவன் செல்போனில் நேரம் பார்த்துக் கத்த, தேர்வுக்குத் தயாராவது. வாயில் நுரை தள்ளும் அந்த இரண்டாம் வகை ஓட்டத்தைப் பற்றி எந்த அழைப்பிதழும் அச்சாவதில்லை. அதற்குப் பதக்கமும் இல்லை. ஏழு நிமிடம் என்றால் ஏழு நிமிடம். என் அரை மாரத்தானில் சிப் வைத்து வினாடி சுத்தமாக அளந்தார்கள். அந்த வினாடிகளுக்கு ஒரு விளைவும் கிடையாது. எட்டு வினாடி பிந்தினாலும் எண்பது நிமிடம் பிந்தினாலும் அதே பதக்கம், அதே 'ஃபினிஷர்' பட்டம்.

ஆலன் சில்லிட்டோ 1959இல் எழுதிய 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். சிறார் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட பையன். அவன் ஜெயித்தால் பெருமை பள்ளி நிர்வாகிக்கு. முதல் ஆளாக வந்தவன் முடிவுக் கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். மறுக்கிறான். தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இந்தக் கதைதான் மனதில் ஓடியது. நானும் இங்கேயே நின்றுவிட்டால் என்ன? ஆனால் அவனுடைய மறுப்புக்கு அர்த்தம் வந்தது அவனுடைய வெற்றியை வேறொருவன் விரும்பியதால். நான் நின்றால் யாருக்கு நஷ்டம்? கட்டணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. என் மறுப்பையும் இந்த அமைப்பு முன்கூட்டியே மன்னித்து வைத்திருக்கிறது. 'முயற்சிதான் முக்கியம்' என்று எங்காவது ஒரு பலகை தொங்கும். காவலர் தேர்வில் மறுத்தவனுக்கு வாழ்க்கை போயிற்று, இங்கே மறுக்கவே வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா டப்பாக்களோடு நிற்கிறார், அவரால் ஓடவும் முடியாது, சாலையைக் கடக்கவும் முடியாது.

இதோடு முடித்துக்கொண்டால் நண்பருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் கடைசி நான்கு கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடிய ஒரு பெண் சொன்னதை நான் விட்டுவிட முடியாது. நாற்பதைத் தாண்டியவர், நர்ஸ் வேலை, நைட் டியூட்டி முடித்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். "இதே ரோட்ல டியூட்டி முடிச்சு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா பின்னாடியே ஒரு பைக் வரும் சார். இன்னிக்கு நடு ரோட்ல ஓடறேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. இந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குத்தான் நான் காசு கட்டுறேன்" என்றார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். அதுவரை அந்தத் தூரத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக, அவருடைய ஓட்டத்தில் ஒரு கோரிக்கை இருக்கிறது. விடிகாலைத் தெரு எனக்கும் வேண்டும் என்பது. பனியன் அதைச் சொல்லவில்லை, அவர் கால்கள் சொல்கின்றன. 'கோரிக்கையற்ற கூட்டம்' என்று நான் தலைப்பு வைத்தது அங்கே தளர்கிறது, தளரட்டும். ஆனால் அவருக்குக் கிடைத்த தெரு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு வந்தது. மீன் விற்கும் அம்மாவிடமிருந்து எடுத்துத்தான் அது அவருக்குக் கொடுக்கப்பட்டது. இருவருமே விடிகாலையில் இதே சாலையில் இருக்க வேண்டிய, இருக்கிற, உழைக்கும் பெண்கள். ஒருவருக்கொருவர் எதிரியாக அவர்களை நிறுத்தியது அந்தத் தடுப்பு.

மாரத்தான் தொன்மத்தில் ஓடியவன் ஒரு சேதியைச் சுமந்து ஓடினான். நம் ஊரில் வெள்ளைக்காரன் காலத்துத் தபால் ஓட்டக்காரன் மணி கட்டிய ஈட்டியோடு மூட்டையைச் சுமந்து கூலிக்கு ஓடினான். 42.195 என்ற தூரம்கூட 1908 லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு அரச குடும்பத்து இருக்கைக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு. அதில் பாதிதான் எங்கள் ஓட்டம். நாங்கள் சுமந்தது ஒரு சிப். அதில் இருந்த ஒரே சேதி எங்கள் நேரம்.

பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பத்து மணி வாக்கில் லூப் ரோட்டுக்குப் போனேன். சாலை திறந்துவிட்டிருந்தது. கார்கள் வரிசையாக நின்று மீன் பேரம் பேசின. அந்த அம்மாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. பக்கத்துக் கடையில் விசாரித்ததற்கு, "வண்டி லேட்டாத்தான் வந்துச்சு, பாதி சரக்கைக் கொறைச்சலா தள்ளிட்டுப் போயிட்டாங்கோ" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஓட்டத்தை நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெரிய புரட்சிகரமான கடிதமெல்லாம் இல்லை. அடுத்த முறை பாதை போடும் முன் நொச்சிக்குப்பத்துப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஐஸ் வண்டி கடக்க இரண்டு இடத்தில் வழி விடுங்கள். ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஓடினால் ஒன்றும் கெட்டுவிடாது. அல்லது ஓட்டத்தை வேறொரு கிழமைக்கு மாற்றுங்கள். அவ்வளவுதான். பதில் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான பதிவு தொடங்கிவிட்டது, முந்துபவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.